மேல் பட்டைகளில் சிறு சலசலப்பு

பாட்டு எதுவும் ஓடவில்லை. இசைத்தட்டு அதன் உறைக்குள் இருந்தது, கேசட் பெட்டி திறந்து கிடந்தது, ரேடியோவை அணைத்து வாரக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் ஈக்வலைசரின் முகப்பில் வலது ஓரத்து நான்கு விளக்குக் கம்பங்கள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

ஏறின. இறங்கின. கொஞ்சம் நின்றன. மறுபடி ஏறின.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்து வைத்திருந்த விளக்குகளை மறுபடி போட்ட பிறகு இது மூன்றாவது ஞாயிறு. முதல் வாரம் மின்சாரக் கோளாறு என்றார், இரண்டாவது வாரம் காற்றின் ஈரப்பதம் என்றார். கேட்க ஆளில்லாத வீட்டில் இப்படி விளக்கம் சொல்வதில் ஒரு வசதி, யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அந்த ஈக்வலைசருக்கு வயது நாற்பது. அலுமினிய முகப்பு, பத்துப் பத்தாக இரண்டு வரிசை ஸ்லைடர்கள், ஒவ்வொன்றும் விரல்நுனியில் வெண்ணெயாய் நகரும். இடது ஓரத்து ஸ்லைடர் இடி முழக்கத்துக்கு, அங்கிருந்து வலப்புறம் போகப் போக ஒலி மெலிந்துகொண்டே போகும். கடைசியில் இருப்பவை சலங்கையின் கிணுகிணுப்புக்கும், பேச்சில் வரும் ‘ச’வுக்கும் ‘ஷ’வுக்கும், பறவைகளுக்கும். ஸ்லைடர்களுக்கு மேலே ஒரு சிறு கண்ணாடிச் சன்னல். ஒவ்வொரு ஸ்லைடருக்கும் ஓர் ஒலிப்பட்டை; எந்தப் பட்டையில் எவ்வளவு சத்தம் என்று அதில் பத்துக் கம்பங்கள் எரிந்து காட்டும்: கீழே பச்சை, நடுவில் மஞ்சள், உச்சியில் சிவப்பு.

அதை வைத்துத்தான் அவருக்கு ‘தங்கக்காது’ என்ற பெயர் வந்தது. வேலையில் இருந்த காலத்தில் அவர் நில அளவை அதிகாரி, ஓய்வுக்குப் பிறகு முழுநேரமும் ஒலியை அளந்தார். மாதம் ஒருமுறை ஓய்வுபெற்ற ஒன்பது பேர் அவர் வீட்டில் கூடுவார்கள். ஒரே பாட்டை இரண்டு வயர்களில் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். “இந்த வயர்ல வயலின் கொஞ்சம் சோகமா இருக்கு” என்று ஒருவர் சொன்னால், மற்ற எட்டுப் பேரும் துக்கம் விசாரிப்பது போலத் தலையசைப்பார்கள். அவர்கள் விளையாட்டாக வைத்த பட்டத்தை அவர் விருதாகவே வாங்கிக்கொண்டார். இருநூறு பேர் படிக்கும் ஒலிப்பத்திரிகை ஒன்றில், கண்ணை மூடி விரல்களைக் கோத்தபடி இருக்கும் தன் படத்துக்குக் கீழே, அந்தப் பெயரிலேயே கட்டுரை எழுதினார். ஊரில் குருவிகளே இல்லாமல் போய்விட்டன என்று நாளிதழுக்கு ஆசிரியர் கடிதம்கூட எழுதியிருக்கிறார். மறுநாள் அவர் வீட்டு மாமரத்தில் உட்கார்ந்து குருவிகள் கத்தியது வேறு கதை.

“தங்கமோ பித்தளையோ, கூப்பிட்டா திரும்பினா சரி” என்று மனைவி சொன்னாளாம். இது அவர் காதில் விழவில்லை. மகள்தான் பிறகு சொல்லிச் சிரித்தாள்.

மனைவியின் குரல் மெல்லியது, ஊசிமுனை மாதிரி. கல்யாணமான புதிதில் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்புறம் வருஷங்கள் போகப் போக அவள் பேச்சு குறைந்தது. குறைந்தது என்றுதான் அவர் நினைத்தார். “முணுமுணுக்காதே, வாயைத் திறந்து பேசு” என்று இரண்டொரு தடவை அதட்டினார். பிறகு அதுவும் பழகிவிட்டது. அவள் உதடு அசையும், இவர் “ம்” என்பார், குடும்பம் நடந்தது. நண்பர்களிடம், “நம்ம வீட்டுல சத்தமே கிடையாது, அவ அப்படி ஒரு அமைதி” என்று பெருமை பேசினார்.

அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. பகல் மூன்று மணிக்குமேல் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். தேநீர் இன்னும் வரவில்லையே என்று அவர் எழுந்துபோனபோது ஐந்து மணி. மகள் வெளியூரிலிருந்து வந்து இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா கூப்பிடலையாப்பா?”

“இல்லம்மா. சத்தமே வரல. வந்திருந்தா எனக்குக் கேக்காம போயிருக்குமா?”

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மகள் எழுந்து நடமாடினாள். விழுந்தவுடனே போய்விட்டாள், வலியில்லை, தவிப்பில்லை, யாரையும் தேடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். “அப்பா காதைப் பத்தித்தான் தெரியுமே. ஒரு முனகல் வந்திருந்தாலும் கேட்டிருக்கும்.” துணி போர்த்தும்போது மனைவியின் வலது கை விரல்மூட்டுகளில் தோல் உரிந்திருந்ததை அவர் பார்த்தார். விழும்போது பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான்கு கம்பங்களும் மஞ்சள்வரை ஏறி இறங்கின.

அவர் ரிப்பேர்காரருக்குப் போன் செய்தார்.

*

ரிப்பேர்காரர் நான்கு மணிக்கு வந்தார். புதிய ஆள், பழைய மிஷின்களுக்கு அவரை விட்டால் வேறு யாருமில்லை என்று நண்பர் ஒருவர் நம்பர் கொடுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், சட்டைப்பையில் மூன்று ஸ்க்ரூடிரைவர்.

“காலிங் பெல்லை ஆறு தடவை அடிச்சேன் சார்.”

“அது ரிப்பேர். ரொம்ப நாளா.”

ரிப்பேர்காரர் திரும்பி வாசல் பெல்லை ஒருமுறை பார்த்தார். மூடியைக் கழற்றினார், ஊதினார், பார்த்தார். மிஷினுக்குள் சூடான தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை எழுந்தது.

“உள்ள பொன்னாட்டம் இருக்கு சார். ஒவ்வொரு பட்டையா சத்தம் விடறேன், சரியா வருதான்னு நீங்களே சொல்லுங்க. உங்க காதைவிடவா எனக்கு மீட்டர் வேணும்?”

அவருக்கு அது பிடித்திருந்தது. கண்ணை மூடி, விரல்களைக் கோத்து, படத்தில் இருப்பது போலவே சாய்ந்து உட்கார்ந்தார்.

முதல் சத்தம் தரையோடு வந்தது, சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “நல்ல கனம்.” அடுத்தது. “லேசா வீக்கம்.” அடுத்தது, அடுத்தது. “இது சுத்தம்.” ஆறாவதுக்கு, “கொஞ்சம் மங்கல், ஆனா கண்ணியமா இருக்கு.” பிறகு காத்திருந்தார்.

“ம், போடுங்க.”

எதுவும் வரவில்லை.

“நான் ரெடி. போடுங்க.”

பக்கத்து வீட்டு நாய் திடீரென்று ஊளையிட்டது. அவர் கண்ணைத் திறந்தார். ரிப்பேர்காரர் ஒரு காதைத் தோளால் அடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சன்னலில் எட்டாவது கம்பம் உச்சிச் சிவப்பில் ஆடாமல் நின்றது.

“போட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சு சார்.”

கையை எட்டி ரிப்பேர்காரர் எதையோ திருகினார். நாய் அடங்கியது.

“இந்த ஸ்லைடரையெல்லாம் இப்படி மேல தள்ளி வெச்சது யாரு சார்?”

“நான்தான். சிஸ்டம் வருஷத்துக்கு வருஷம் மந்தமாகுது. அதுக்கேத்த மாதிரி ஏத்திட்டே வரணும்.”

“சிஸ்டம் மந்தமாகல சார்.” அதை அவர் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. “எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. முதல்ல குருவிச் சத்தம் போகும், அப்புறம் காலிங் பெல்லு, அப்புறம் பொம்பளைங்க பேச்சு. ஆம்பளைங்க பேசறது நல்லாவே கேக்கும், அதனால நம்மளுக்கே தெரியாது. சின்னதா ஒரு மிஷின் இருக்கு சார், காதுக்குப் பின்னால…”

பொம்பளைங்க பேச்சு.

தலைக்குள் இருபது வருஷத்து உதடுகள் அசைந்தன. சமையலறை வாசலில் நின்று. கட்டிலின் அந்தப் பக்கத்தில் படுத்து. காரில், சன்னல் பக்கம் திரும்பியபடி. எல்லாவற்றுக்கும் இவர் சொன்ன “ம்”.

பேச்சை மாற்றத்தான் மிஷினைப் பார்த்தார். வலது ஓரத்து நான்கு கம்பங்கள் ஏறின. இறங்கின.

“சத்தத்தை நிறுத்திட்டீங்கல்ல?”

“அப்பவே நிறுத்திட்டேனே.”

“அப்ப இது என்ன?”

“அது மைக்கு சார்.” ரிப்பேர்காரர் முகப்பின் கீழ்மூலையில் செருகியிருந்த ஒரு மெல்லிய வயரைத் தொட்டுக் காட்டினார். அது நாற்காலியின் கைப்பிடிவரை வந்து, கம்பிவலை மூக்கோடு ஒரு விரல் நீள மைக்கில் முடிந்தது. அறையை அளப்பதற்காக அந்தக் காலத்திலேயே மிஷினோடு கொடுத்தது. “செருகினதை நீங்க எடுக்கவே இல்ல. ரூம்ல என்ன கேக்குதோ அதைக் காட்டிட்டு இருக்கு. மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல.”

“ரூம்ல என்ன கேக்குது?”

ரிப்பேர்காரர் மூடியின் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டே, தலைநிமிராமல் சொன்னார்.

“அதான் வீட்டம்மா உள்ளேர்ந்து கூப்பிட்டுட்டே இருக்காங்களே. நான் வந்ததுலேர்ந்து. என்னன்னு பாத்துட்டு வாங்க சார், நான் இருக்கேன்.”

*

மைக்கின் கம்பிவலையைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

“என்னன்னு கூப்பிடறாங்க?”

“எல்லார் வீட்டுலயும் கூப்பிடறதுதான் சார். ‘ஏங்க’ன்னு.” ஏதோ வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்து ரிப்பேர்காரர் சிரித்தார். பிறகு நிமிர்ந்து, சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைப் பார்த்தார். படத்துக்கு முன்னால் எரிந்த சின்ன விளக்கைப் பார்த்தார். உள்பக்கம் திரும்பி, ஒருகணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போயிற்று.

“எத்தனை நாளாச்சு சார்?”

“மூணு மாசம்.”

ரிப்பேர்காரர் பையை எடுத்துக்கொண்டார். ஒரு ஸ்க்ரூடிரைவர் தரையிலேயே கிடந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது, திரும்பிப் பார்க்காமல், “பாவம் சார், தொண்டை கட்டிப்போச்சு அவங்களுக்கு” என்றார். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. இரும்பின் சத்தம், கனமானது, அது அவருக்குக் கேட்கும்.

அவர் எழுந்து அலமாரியிலிருந்து தன் குறிப்பேட்டை எடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். தெரிந்ததனால்தான் மூன்று மாதமாகத் தொடவில்லை.

அவள் விழுந்த அன்று பிற்பகல் அவர் பாட்டே கேட்கவில்லை. புதிதாக வந்த ஒரு பவர் வயரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அதைப் பரிசோதிப்பது எப்படி? எல்லாவற்றையும் இயக்கிவிட்டு, எதையும் ஓடவிடாமல், மைக்கைக் கைப்பிடியில் பொருத்தி, அந்த வயர் தரும் அமைதி எவ்வளவு அமைதி என்று கண்ணை மூடிக் கேட்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் அப்படிக் கேட்டார். கட்டுரை போன மாதம் வெளிவந்தது. ‘கறுப்பு வெல்வெட் போன்ற, மாசு மருவற்ற அமைதி. நாற்பதாண்டு அனுபவத்தில் இதுபோல் கேட்டதில்லை.’ ஒன்பது பேரும் பாராட்டினார்கள்.

குறிப்பேட்டில் அவர் கையெழுத்தே இருந்தது, நில அளவைக்காரரின் தெளிவான, சாய்வில்லாத எழுத்து.

‘3.20. மேல் பட்டைகளில் சிறு சலசலப்பு. வயரின் குறையாக இருக்கலாம்.

3.45. சலசலப்பு தொடர்கிறது. விட்டு விட்டு வருகிறது.

4.10. அதிகரிக்கிறது. கவனத்தைக் கலைப்பதால் முகப்பு விளக்குகளை அணைத்துவிட்டேன். அணைத்தபின் பூரண அமைதி.’

படித்தார். மறுபடி படித்தார். நான்கு பத்து என்ற இடத்தில் விரல் நின்றது. விளக்குகளை அணைக்கப் பொத்தானை அழுத்திய அதே விரல்.

*

வாழ்நாள் முழுக்க வயருக்குச் செலவழித்த மனிதருக்கு, வயர் முதல்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது. பன்னிரண்டு மீட்டர் நீட்டிப்பு ஒன்றை மைக்கோடு இணைத்தார். இசையறைக் கதவை விரியத் திறந்தார். அங்கிருந்து நேராக நீண்ட நடை, அதன் மறுமுனையில் குளியலறை. நடையில் எங்கே நின்று திரும்பினாலும் அறைக்குள் மிஷினின் கண்ணாடிச் சன்னல் தெரியும். முன்பெல்லாம் வயலில் அளவைச் சங்கிலி இழுத்துப் போனது போல மைக்கை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, நான்கு அடிக்கு ஒருமுறை நின்று, திரும்பிப் பார்த்து, மேலே நடந்தார். மாலை வெயில் நடையின் பாதிவரை விழுந்திருந்தது. மீதிப் பாதியில் சோப்பு வாசனை இருந்தது. அவள் போன பிறகு அந்தச் சோப்பை அவர் வாங்கவே இல்லை.

சாப்பாட்டு மேஜை. பச்சை.

அலமாரி. பச்சை, கொஞ்சம் மஞ்சள்.

மகளின் பழைய அறை. மஞ்சள்.

அந்த நான்கு மட்டும்தான். இடப்புறத்து ஆறு கம்பங்களும் இருட்டாகவே இருந்தன. மனிதக் குரல் என்றால் நடுவிலும் கொஞ்சம் எரிய வேண்டும், நெஞ்சிலிருந்து வரும் சத்தம் அங்கேதான் விழும். இந்தக் குரலுக்கு நெஞ்சு இல்லை.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கவனம் முழுவதையும் காதில் கொண்டுவந்து, நெற்றி நரம்பு புடைக்கக் கேட்டார். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல். தெருவில் ஒரு லாரி. தன் இதயம். வேறொன்றும் இல்லை. கறுப்பு வெல்வெட்.

குளியலறைக் கதவு.

மைக்கைக் கதவில் வைத்துவிட்டுத் திரும்பினார். சிவப்பு.

சிவப்பு, இருட்டு. சிவப்பு, இருட்டு. சீராக. கதவின் அடிப்பகுதியில், முழங்கால் உயரத்தில் வைத்தால் இன்னும் கூடுதல். படுத்திருப்பவளின் கை எட்டுகிற உயரம்.

உள்ளங்கையைக் கதவில் வைத்தார். மரம் அதிர்ந்தது. ரொம்ப லேசாக. தட்டித் தட்டி ஓய்ந்துபோன கையின் தட்டல்.

“இதோ வரேன்” என்றார். “இதோ வந்துட்டேன், இரு.”

திறந்தார்.

காய்ந்த தரை. கவிழ்த்த வாளி. மூடிய குழாய். மைக்கை உள்ளே நீட்டிவிட்டுத் திரும்பினால், பத்துக் கம்பங்களும் அணைந்திருந்தன.

உள்ளே இல்லை.

மைக்கை வெளியே எடுத்தார். இடது சுவர், ஒன்றுமில்லை. வலது சுவர், ஒன்றுமில்லை. கூரை, தரை, ஒன்றுமில்லை. கை சோர்ந்து மைக்கை மார்போடு அணைத்தார். மஞ்சள். தோளுக்கு உயர்த்தினார். சிவப்பு. இன்னும் கொஞ்சம். இடது காதுக்குப் பக்கத்தில். நான்கு கம்பங்களும் உச்சியை முட்டி அங்கேயே நின்றன.

ஓர் அடி விலகினார். சிவப்பு.

இன்னோர் அடி. சிவப்பு.

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஞாயிறு, ஐந்து மணி. மகள். ஒவ்வொரு வாரமும் இதே நேரம். “நீங்க எடுக்கலைன்னா எனக்கு உயிரே போயிடும்ப்பா, விழுந்துட்டீங்களோன்னு” என்று சொல்லியிருந்தாள். எடுத்தால் அவளுக்குக் கேட்கும். எடுக்காவிட்டால் பதறுவாள். போன் அடித்து நின்றது. உடனே மறுபடி அதிர்ந்தது. வலது கையால் எடுத்து வலது காதில் வைத்தார்.

“அப்பா? ஏன் எடுக்கல? நல்லா இருக்கீங்களா?”

மகளுக்கு அவர் குரல், கனத்த குரல். அது கேட்கும்.

“இருக்கேன்மா. அப்புறம் பேசறேன், இப்ப வேலையா…”

“யாருப்பா அங்க?”

“டிவி.”

மறுமுனையில் பேச்சு நின்றது. கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வைத்துவிட வேண்டும், இப்போதே வைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். விரல் அசையவில்லை.

“அப்பா.” எட்டு வயதில் ராத்திரி பயந்து எழுந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். “அப்பா, அம்மா கூப்பிடறாங்கப்பா.”

“இல்லம்மா…”

“எவ்ளோ நேரமா கூப்பிடறாங்க! என்னப்பா அங்கயே நிக்கறீங்க? விழுந்துட்டாங்கப்பா, வலிக்குதுங்கறாங்க, கதவைத் தட்டறாங்க. போங்கப்பா. அப்பா, போங்க!”

“எங்கம்மா போறது?” அவர் அழ ஆரம்பித்திருந்தார். “எங்க இருக்கான்னு சொல்லு, போறேன். எனக்குக் கேக்கலம்மா. எனக்கு… எனக்குக் காது கேக்காதும்மா. ரொம்ப வருஷமா.”

மகள் அந்தக் கனத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக,

“அப்ப… அன்னிக்கு…” என்றாள்.

போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அங்கிருந்து அவள் அழுவது கேட்டது, தூரத்து மாட்டின் குரல் போல, வெறும் அடித்தொண்டையாக. அவர் குனியவில்லை. இடது கை மைக்கை இன்னும் காதோரத்திலேயே பிடித்திருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி ஓடவில்லை. காதோரத்து நரைமுடி மட்டும் அசைந்தது.

கண்ணை மெல்ல இடப்புறம் திருப்பினார். நடையின் அந்தக் கோடியில் நான்கு சிவப்புக் கம்பங்கள் ஏறின. அந்தக் கணத்தில், கன்னத்துக்கு அருகே, மைக்கின் கம்பிவலையில் வெள்ளையாக ஆவி படிந்தது.

கம்பங்கள் இறங்கின. ஆவி மறைந்தது.

ஏறின. படிந்தது.